ஓடுகாலி

‘ஓடுகாலி’ என்று தமிழில் ஒரு சொல் உண்டு. ஓரிடத்தில் நில்லாமல் திரிகிற ஆள் என்று பொருள் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் ஆம்பளைக்கு வந்து நான் கேட்டதில்லை. கட்டினவனை விட்டுப் போனவள், சாதி மாறிப் போனவள், சொன்ன பேச்சுக் கேளாதவள் எல்லோருக்கும் அதே பெயர்தான். ‘அவ ஓடிட்டா’ என்று யாராவது சொன்னால் ‘யாரோட?’ என்பதுதான் அடுத்த கேள்வி. ‘எத்தனை கிலோமீட்டர்?’ என்று கேட்கிற வழக்கம் இன்னும் வரவில்லை.

சேரிக்கு இன்னொரு ஓட்டமும் பழக்கம். விரட்டப்படுகிறவர்களின் ஓட்டம் அது. 1978இல் விழுப்புரத்தில் நம் சனங்கள் 12 பேரைக் கொன்றார்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணிக்குள் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் பிணமாகத்தான் கரைக்கு வந்தார்கள். நம் கால்கள் வேகமாகப் போனதெல்லாம் பெரும்பாலும் பின்னால் யாரோ தடியோடு வந்தபோதுதான்.

ஆகவே, யாரும் விரட்டாமல், காசு கட்டிப் பெயர் கொடுத்து, 42.195 கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று முப்பது வயது தாண்டிய நான் சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

“ஓடி முடிச்சா என்னா குடுப்பாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“மெடல் குடுப்பாங்கம்மா. முடிக்கிற எல்லாருக்கும் குடுப்பாங்க.”

“காசு?”

“காசு நாமதான் கட்டணும்.”

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “நானும் நாப்பது வருசமா ஓடறன். ஒருத்தனும் எங்கிட்ட காசு கேக்கலியே” என்றாள்.

ஓட்ட நாளைப் பற்றி எழுதுவதற்கு அதிகமில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் ஏறியதும் இறங்கியதும்தான் எனக்குச் சிலவற்றைக் கற்றுக்கொடுத்தன. அவை ஓட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்று தோன்றுவதால் தோழர்களிடம் சொல்கிறேன்.

*

முதலில், மாரத்தான் பயிற்சி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். மூன்று நாள் சின்ன ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டம் 12 கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டராக ஏறி, 32 வரை போகும். மூன்று வாரம் ஏற்றினால் நான்காம் வாரம் இறக்க வேண்டும். கடைசி மூன்று வாரம் படிப்படியாகக் குறைத்துவிட வேண்டும். இப்படி 18 வாரம். சின்ன ஓட்டங்களைப் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். பேச்சு நின்று மூச்சு மட்டும் வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஏன் இத்தனை கணக்கு? சாப்பிட்ட சோறும் கூழும் சர்க்கரைச் சத்தாக மாறித் தசையிலும் ஈரலிலும் தங்குகிறது. அந்தக் கையிருப்பு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வரைதான் தாங்கும். அதற்குப் பிறகு கால் தூக்க வராது. தலை சுற்றும். ஓட்டக்காரர்கள் அதைச் சுவரில் போய் மோதுவது என்பார்கள். கையிருப்பைச் சிக்கனமாகச் செலவழிக்க உடம்பைப் பழக்குவதுதான் பயிற்சி. அதை ஒரே மாதத்தில் பழக்க முடியாது.

தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் இதெல்லாம் ஏணி மாதிரி நேராக இருக்கும். உடம்பு அந்த மாதிரி ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை 16 கிலோமீட்டர் பறந்த மாதிரி முடியும். அடுத்த செவ்வாய்க்கிழமை 5 கிலோமீட்டர், கல்லைக் கட்டி இழுத்த மாதிரி இருக்கும். அதே கால், அதே ஏரிக்கரை. முதல்நாள் நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு நின்ற அலுப்பா, மாதவிலக்குக்கு முந்தின நாளா, காற்றில் ஈரம் கூடிப்போய் வேர்வை காயாமல் நின்றதா என்று காரணம் தேடிப் பார்ப்பேன். சில நாள் காரணமே கிடைக்காது. அப்படிப்பட்ட நாளும் பயிற்சியின் கணக்கில் ஒரு நாள்தான் என்பதை ஒத்துக்கொள்வதற்கு எனக்குப் பல மாதம் ஆயிற்று.

அதைவிடக் கடினமாக இருந்தது ஓய்வு நாள். ஓடும்போது உடம்பு பலமாவதில்லை, தேய்கிறது. ஓடி முடித்துச் சாப்பிட்டுத் தூங்கும்போதுதான் தேய்ந்த இடம் முன்னைவிடக் கெட்டியாக வளர்கிறது. இது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஓய்வு என்ற சொல்லை யாரும் பயன்படுத்தியதில்லை. வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள். காய்ச்சலில் படுத்த அம்மாவைக் கழனிக்கார ஆண்டை வாசலில் நின்று ‘ஒடம்பு நோவாம திங்கப் பாக்கறியா’ என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. மண்ணில் கிடந்து உழைக்கிற சாதியைச் சோம்பேறிச் சாதி என்று சொல்கிற அதிசயம் இந்த நாட்டில்தான் நடக்கும். அந்தச் சொல் நம் உள்ளேயும் போய் உட்கார்ந்துகொள்கிறது. திங்கட்கிழமை, ஓய்வு என்று தாளில் எழுதியிருக்கும். விடிகாலை நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடும். படுத்துக் கிடப்பதற்குப் பயமாக இருக்கும். யாரோ வாசலில் நின்று கேட்கப்போகிறார்கள் என்பது மாதிரி.

*

பயிற்சியை முதலில் தொடங்கியது 2023 ஆகஸ்டில். 2024 சனவரியில் ஓடுவதாக எண்ணம். முதல் ஆறு வாரம் ஏறிக்கொண்டே போனது. ஏழாம் வாரத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. போன வாரம் ஓடிய தூரத்தை இந்த வாரம் ஓட முடியவில்லை. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடத்தது. பக்கத்து நகரத்து மைதானத்தில் ஓடுகிற குழு ஒன்று இருந்தது. டாக்டர்கள், என்ஜினியர்கள், பேங்க் ஆட்கள். சில நாள் அவர்களோடு ஓடுவேன். அதில் ஒருவர், “மனசு வைக்கணும் மேடம். எல்லாம் வில்பவர்தான்” என்றார். அதே ஆள் முதல்நாள் என்னிடம் கேட்ட கேள்வி: “எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?”

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். தசைக்கு மூச்சுக்காற்றைச் சுமந்துபோகிற பொருளே மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தால் வில்பவர் எதைச் சுமக்கும்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நாட்டில் நூற்றுக்கு 57 பேருக்கு. பாதிப் பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டுதான் நாற்று நடுகிறார்கள், செங்கல் சுமக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அவர்களிடம்தான் மனசு வைக்கச் சொல்கிறார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ குடிக்கக் கூடாது. டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சம்பழச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொன்னார்கள். கீரையில் இருக்கிற இரும்பைவிடக் கறியில், ஈரலில் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் என்பதை நான்தான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா படிக்காமலே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாட்டு ஈரல். எதைத் தின்கிறோம் என்பதற்காக ஊர் நம்மைக் கேவலம் பேசியதோ, அதுதான் எனக்கு ரத்தம் ஊறவைத்தது. நாலு மாதத்தில் 11.8 வந்தது. அதற்குள் அந்த ஆண்டின் ஓட்டம் முடிந்துபோயிருந்தது.

நம் உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யார் யாருக்கோ உரிமை இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த தாய் தகப்பனுக்குப் பிறந்த சாந்தி சவுந்தரராஜன், 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று ஒன்றை வைத்து அந்தப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் ஓடிய ஓட்டத்தை ஊரே பார்த்தது. ஆனாலும் அவருடைய உடம்பு என்ன என்பதை அவர் சொல்ல முடியவில்லை. ரத்தம் குறைந்து உட்கார்ந்திருந்த அந்த நாலு மாதமும் சாந்தியைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். என் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை நானே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நோட்டுப் போட்டேன். ஓடிய தூரம், தூங்கிய நேரம், விலக்கு நாள், சாப்பிட்டது, அன்றைக்கு வந்த கோபம் எல்லாம் அதில் இருக்கும். பயிற்சியின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்கு அந்த நோட்டைவிடப் பெரிய துணை எனக்குக் கிடைக்கவில்லை. ‘நீ லாயக்கில்லை’ என்று மனசு சொல்கிற அன்றைக்கு, ‘நேற்று மூன்று மணி நேரம்தான் தூங்கினாய்’ என்று நோட்டுச் சொல்லும்.

*

எங்கள் காலனியிலிருந்து ஏரிக்கரைக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் கழனி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். விடிகாலை நாலரை மணிக்கு டிராக் பேண்ட், ஷூ போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நான் ஓடியதுதான் முதல் பிரச்சினை. திண்ணையில் இருமிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் “யார் ஊட்டுப் பொண்ணு அது?” என்று கேட்டார். சொன்னேன். “காலனிப் பொண்ணா? எங்க ஓடற? கூட யாரு வர்றா?” என்றார். ஒருத்தரும் வரவில்லை, சும்மா ஓடுகிறேன் என்று சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் அண்ணனிடம் டீக்கடையில் விசாரணை நடந்தது.

எங்கள் தாத்தா அந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். அவருடைய பேத்தி 4,500 ரூபாய் ஷூவோடு ஓடுகிறாள் என்று பெருமைப்படலாம்தான். அந்த ஷூ 700 கிலோமீட்டரில் தேய்ந்துவிடும், அடுத்ததற்குக் காசு சேர்க்க வேண்டும் என்பது வேறு கதை. செய்யாறு சிப்காட்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இந்த மாதிரி ஷூக்களைத் தைப்பது ஆயிரக்கணக்கான பெண்கள். கம்பெனி பஸ் வந்து ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் பெரியம்மா மகளும் ஒருத்தி. என் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், “இத போட்டுக்கினு ஓடறவங்கள நான் பார்த்ததே இல்லடி” என்றாள்.

ஊர்த்தெரு நாய்களுக்கும் காலனி ஆளைத் தெரியும். கையில் குச்சியில்லாமல் அந்தத் தெருவில் ஓட முடியாது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் தென்னாப்பிரிக்கக் கறுப்பர் இருவர் ஓடினார்கள். லென் டௌன்யானே, யான் மஷியானி. அங்கே நடந்த பொருட்காட்சியில் போயர் போரை நடித்துக் காட்டுவதற்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். டௌன்யானே ஒன்பதாவதாக வந்தார். நாய் ஒன்று விரட்டியதால் தடம் மாறி வெகுதூரம் ஓடினார் என்றும், இல்லாவிட்டால் இன்னும் முன்னால் வந்திருப்பார் என்றும் சொல்கிறார்கள். இதை வாசித்த அன்று நான் தனியாகச் சிரித்தேன். நாய் விசயத்தில் உலகம் முழுக்க ஒரே கதைதான் போலிருக்கிறது.

*

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஓர் ஊர். கி.மு. 490இல் அங்கே நடந்த சண்டையில் ஏதென்சுக்காரர்கள் பாரசீகரை வென்றார்கள். அந்தச் சேதியை ஏதென்ஸ் வரைக்கும் ஓடிவந்து சொல்லிவிட்டு ஒருவர் விழுந்து செத்தார் என்பது கதை. ஹெரோடோட்டஸ் அப்படி எழுதவில்லை. உதவி கேட்டு ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய ஆளைப் பற்றித்தான் அவர் எழுதினார். விழுந்து செத்த கதை பல நூறு வருசம் கழித்து வந்தது. எப்படியிருந்தாலும் சேதி சுமந்த ஒருவரின் பெயரைச் சொல்லித்தான் உலகம் இந்த ஓட்டத்தை ஓடுகிறது. 1896இல் ஏதென்சில் முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ், தகப்பனோடு தண்ணீர் சுமந்து விற்ற ஆள். 1908இல் லண்டனில் ஓடிய 42.195 கிலோமீட்டர்தான் 1921இல் நிலையான தூரமாயிற்று.

எங்கள் தாத்தாவும் சேதி சுமந்தவர்தான். சாவுச் சேதி. போனும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் போய்ச் சொல்ல வேண்டியது வெட்டியானின் கடமை. ராத்திரியா பகலா, மழையா வெயிலா என்று கேட்க முடியாது. திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து செஞ்சிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். மரக்காணத்துக்கு 34. போய், வாசலுக்கு வெளியே நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இன்னார் தவறிட்டாங்க சாமி என்று சொல்ல வேண்டும். கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றுவார்கள். திரும்பி வந்தால் ஒரு மரக்கால் நெல். அவர் நடந்த தூரத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. மெடலும் குத்தவில்லை. அந்த வேலையைத் தூக்கி எறிந்ததுதான் எங்கள் அப்பா செய்த முதல் போராட்டம். அதை நான் பெருமையாகப் பாடப்போவதில்லை. அடிமை வேலை அடிமை வேலைதான்.

ஆனால் நடந்த காலுக்கு ஓர் அறிவு உண்டு. அது தாத்தாவின் சொத்து, ஆண்டையின் சொத்தல்ல. ஆயா சொல்வாள்: “கெளம்பும்போது ஒங்க தாத்தா மெதுவாத்தான் போவும். ஊரு எல்ல தாண்டற வரைக்கும் அசஞ்சி அசஞ்சி போவும். வெயிலு ஏறதுக்குள்ள பாதி தூரம் தாண்டிடும். பசிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வாய் கூழு குடிச்சிடும். பசிச்சப்பறம் குடிச்சா கால்ல வராது கண்ணு.” பயிற்சியாளர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியிருப்பது இந்த மூன்றுதான். மெதுவாகத் தொடங்கு. வெயிலுக்கு முன்னால் ஓடு. கையிருப்பு தீர்வதற்கு முன்பே சாப்பிடு. நான் நீண்ட ஓட்டத்துக்குக் கேழ்வரகுக் கூழில் உப்புப் போட்டு மோர் கரைத்துப் பாட்டிலில் எடுத்துப் போவேன். கூடக் கடலைமிட்டாய். ஓட்டக் குழுவில் ஒருவர் அது என்ன என்று கேட்டு வாங்கிக் குடித்தார். காலனி வீட்டுக் கூழ் என்று தெரிந்தே குடித்தார். அதையும் சொல்ல வேண்டும்.

*

இரண்டாம் முறை பயிற்சி 2024 செப்டம்பர் 2இல் தொடங்கியது. 2025 சனவரி 5 சென்னையில் ஓட்டம். சரியாக 18 வாரம். ரத்தம் நன்றாக இருந்தது. நவம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை 26 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, குளித்து, வழக்கு வேலையாக விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். அவ்வளவு தெம்பு. அடுத்து 28, 30, 32 என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை. அதுதான் பயிற்சியின் உச்சி.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது. எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. ஏரி, வாய்க்கால், ரோடு எது எதுவென்று தெரியவில்லை. மேட்டில் ஊர், பள்ளத்தில் காலனி என்பதால் தண்ணீருக்கு வழி தெரியும். வீடு வீடாகக் கிழவிகளையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டோம். பிறகு அரிசி மூட்டை, தார்ப்பாய், மனு, கணக்கெடுப்பு. ஒரு கிராமத்தில் நிவாரண டிராக்டர் ஊரோடு நின்றுவிட்டது. காலனிக்குக் கொண்டுவர இரண்டு நாள் சண்டை போட்டோம். 12 நாள் நான் ஓடவில்லை. ஓட்ட நோட்டில் ‘தண்ணீர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

13ஆம் நாள் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். விட்டுப்போனது ஏறக்குறைய 90 கிலோமீட்டர். உச்சி வாரங்களே போய்விட்டன. நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார்: 15ஆம் தேதி 30, இடையில் ஒரு 20, 22ஆம் தேதி 32. விட்டதைப் பிடித்துவிடலாம் என்றார்.

அதே வாரம்தான் குழுக்கடன் வசூலிக்கிற ஆட்கள் காலனிக்கு வந்தார்கள். வீட்டில் முழங்கால் சேறு. தாலியைத் தவிர எல்லாம் நனைந்துபோன பெண்களிடம், இந்த வாரத் தவணையும் போன வாரத் தவணையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். போன வாரம் வெள்ளம்தானே என்று கேட்டதற்கு, ‘வெள்ளம் வந்தா தேதி நின்னுடுமா?’ என்று பதில். அவர்களோடு மல்லுக்கட்டித் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து நண்பரின் கணக்கைப் பார்த்தபோது எனக்குச் சுரீரென்றது. இதுவும் வசூல் கணக்குதான். விட்டுப்போன நாளையெல்லாம் வட்டியோடு சேர்த்து உடம்பிடம் தண்டல் கேட்பது. பிறந்ததிலிருந்து கடன்பட்டே வாழ்கிற நமக்கு எதைப் பார்த்தாலும் பாக்கியாகவே தெரிகிறது. படிக்காத நாள் பாக்கி, தூங்கிய நேரம் பாக்கி, இயக்கத்துக்குப் போகாத நாள் பாக்கி.

உடம்பு கந்துவட்டிக்காரன் இல்லை. 12 நாள் ஓடாவிட்டால், மூன்று மாதமாகச் சேர்ந்த பலத்தில் கொஞ்சம்தான் குறையும். அதைப் பிடிக்கிறேன் என்று ஒரே வாரத்தில் குவித்தால்தான் காலெலும்பில் விரிசல் விடும். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் நகரத்தில் வெறுங்காலோடு ஓடி ஒலிம்பிக் மாரத்தானை வென்றவர். தன் நாட்டின்மேல் படையெடுத்தவர்களின் தலைநகரத்திலேயே வென்றவர். 1964 டோக்கியோ ஓட்டத்துக்குச் சில வாரமே இருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. டோக்கியோவிலும் அவர்தான் முதலாவதாக வந்தார். வருசக்கணக்கில் சேர்ந்த பலத்தைச் சில வாரப் படுக்கை அழித்துவிடவில்லை.

டிசம்பர் 15 அன்று 22 கிலோமீட்டர் மெதுவாக ஓடினேன். அடுத்த ஞாயிறு 16. அதற்கடுத்து 10. விட்டதை விட்டபடியே விட்டேன்.

சனவரி 5 அன்று விடிவதற்கு முன்பே கிளம்பி ஓடினேன். 31ஆம் கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓடுவதும் நடப்பதுமாக 5 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். 1896இல் ஏதென்சில் ஆண்கள் ஓடிய ஓட்டத்தில் ஸ்டமாட்டா ரெவிதி என்ற ஏழைப் பெண்ணைச் சேர்க்கவில்லை. கைக்குழந்தைக்காரி. மறுநாள் தனியாக ஓடினாள். கிளம்பிய நேரத்துக்கு மாரத்தான் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஓடினாள். ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் ஏதென்சுக்கு வந்துவிட்டாள். அரங்கத்துக்குள் விடவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைக்க 1984 வரை ஆயிற்று. நாம் செய்ததை நாம் செய்தோம் என்று நிரூபிக்கக் கையெழுத்து வாங்கித் திரிகிற வேலை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால், ஓட்டக்காரர்களில் எனக்கு நெருக்கமானவள் ரெவிதிதான்.

*

இப்போது எங்கள் காலனியில் மூன்று பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள். இரண்டு பேர் ஒன்பதாவது, ஒருத்தி பதினொன்றாவது. மாரத்தானுக்கு வயசு இருக்கிறது, அவசரமில்லை. இப்போதைக்கு வாரத்துக்கு மூன்று நாள், 3 கிலோமீட்டர். ஷூ வாங்குவதற்கு முன்னால் மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தம் பார்த்தேன். ஒருத்திக்கு 9.1. அவளுக்கு முதலில் மாத்திரை, ஈரல். அதுவரை மற்ற இரண்டு பேரும் ஓடுகிற நேரத்தைக் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. ஆளுக்கொரு நோட்டு. திங்கட்கிழமை ஓடக் கூடாது என்றால் ஓடக் கூடாதுதான். விடுபட்ட நாளுக்குச் சேர்த்து ஓடக் கூடாது. இந்த விதிகளை ஓட்டத்துக்கென்றுதான் சொன்னேன். பதினொன்றாவது படிக்கிறவள், “பரிச்சைக்கும் இப்படித்தானக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நம் தோழர்கள் பலர் முப்பத்தைந்து வயதுக்குள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, குடி என்று விழுவதைப் பார்த்துவிட்டேன். ஒரு கொலை வழக்குக்கு ஆறு மாதம் தூங்காமல் ஓடுகிறோம். வழக்குத் தோற்றால் ஒரு வருசம் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறோம். வாய்தா பத்து வருசம் நடக்கும் என்று தெரிந்தும் முதல் மாதத்திலேயே கையிருப்பையெல்லாம் எரித்துவிடுகிறோம். ஓய்வெடுக்கிறவரைத் துரோகி மாதிரி பார்க்கிறோம். இயக்க வேலைக்கும் ஏற்ற வாரம், இறக்க வாரம் என்று ஒரு கணக்கு வேண்டும். அதைக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும். ஆளாளுக்குத் தனியாகச் சமாளித்துக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது.

ஓடுவதற்கு இடமும் வேண்டும். எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மைதானம் கிடையாது. விளையாட்டெல்லாம் தார் ரோட்டில்தான். காலனியை ஒட்டி ஓர் ஏக்கருக்குமேல் புறம்போக்கு இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் சவுக்கு வைத்திருக்கிறார். அதை மீட்டு மைதானமாக்கித் தரச் சொல்லி 63 பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். இரண்டு முறை அளக்க வருவதாகச் சொல்லி வரவில்லை. மூன்றாம் முறை தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளைகளும் வருவார்கள். நில அளவைச் சங்கிலி எங்கே விழுகிறது என்று அவர்களும் பார்க்கட்டும்.